நஞ்சும் அடையும்

ஐந்தாம் மாத ஸ்கேன் எடுக்கக் குன்றத்தூருக்குப் போயிருந்தோம். ரிப்போர்ட்டைப் பார்த்த நர்ஸம்மா, "நஞ்சு கீழ கீதும்மா. வெயிட்டு தூக்காத. ரத்தம் பட்டா ஒடனே ஓடியா," என்றார்.

என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுக்கு ஈயம் பற்றவைப்பது என் வேலை. அந்தப் புகை ஆகாது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற தென்காசிக்காரர் அவர். "நான் சொன்னேம்லா? அந்தப் பொகைதான் உள்ள போயிருக்கு," என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார்.

"அய்ய, வெசம் இல்லப்பா. புள்ளைக்கு சோறு போடுறதே அதான்," என்று நர்ஸம்மா சிரித்தார். நஞ்சுக்கொடி கீழே இறங்கி, பிள்ளை வெளியே வரும் வழியில் உட்கார்ந்திருக்கிறது, வயிறு வளர வளர மேலே ஏறிவிடலாம், ஏறாமலும் போகலாம் என்றார். அந்தப் 'போகலாம்' எனக்குள் தங்கிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் போனை நோண்டினார். ரிப்போர்ட்டில் இருந்த 'பிளாசென்டா' என்ற சொல்லுக்கு லத்தீனில் தட்டையான பலகாரம் என்று அர்த்தமாம். "அடைங்கான் வெள்ளக்காரன்," என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. வெளியே வந்து தட்டில் கிடந்ததைப் பார்த்துவிட்டு எவனோ வைத்த பேர். நம் ஆட்கள் ஏன் நஞ்சு என்றார்கள்? வெளியே வராமல் தங்கினால் ஆளைக் கொன்றுவிடும் என்பதாலா? யாரையாவது கேட்டிருக்கலாம். பயத்தில் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கம்பெனி பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கழிவறைக்குப் போனால் துணியைப் பார்க்காமல் எழுந்ததில்லை. நான் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவர், "அடை மேல ஏறிட்டா?" என்பார். ஒருநாள் தோசைக்கரண்டியை அவர் பக்கம் வீசினேன். எடுத்துக் கழுவி வைத்தார். அன்று ராத்திரி நான் கழிவறையிலிருந்து வந்ததும், "ஒண்ணும் இல்லைல்லா?" என்று கேட்டார். அவருக்கும் பயம்தான்.

எட்டாம் மாத ஸ்கேனில் டாக்டர் திரையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மேல ஏறிடுச்சு," என்றார். அப்போதும் நான் நம்பவில்லை. பிரசவ அறையில் குழந்தை அழுத பிறகுதான் ஒழுங்காக மூச்சுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்த நர்ஸ் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

"அக்கா, அத எனக்குக் காட்டுங்க."

"இத இன்னாத்துக்குப் பாக்குற?" என்றபடி தட்டைச் சாய்த்தார். வட்டமாக, தடியாக, கொடியோடு கிடந்தது. அடையேதான்.

"டாக்டர், நஞ்சு முழுசா வந்துட்சி," என்று குரல் கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. ஒன்பது மாதம் என் பிள்ளைக்குச் சோறு போட்டதை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.