முப்பத்தோராவது நிமிடத்துக் கீறல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை கட்டி எனக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இன்னும் சொல்லப்போனால், இதில் என்னை அதிகம் நோகடித்தது பேய் இல்லை.

கீறல் விழுந்த சிடிகளைத் தேய்த்துச் சரிசெய்து மறுபடி ஓட வைப்பது என் தொழில். லைப்ரரிக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே என் கடை. இந்தக் காலத்தில் யார் சிடி பார்க்கிறார்கள் என்று நக்கலடிப்பவர்கள்கூட, தங்கள் வீட்டுக் குழந்தையின் பழைய வீடியோ நின்று நின்று ஓடினால் என்னிடம்தான் வந்து நிற்பார்கள்.

ஸ்பீக்கர் என் நண்பன். பக்கத்துத் தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். மெதுவாகப் பேசவே வராது, அதனால் அந்தப் பெயர். கூடப் பிறந்தவர்கள்கூட எங்களைப் போல ஒட்டிக்கொண்டு இருக்க மாட்டார்கள். என்னைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

அன்று சாயங்காலம் நல்ல மழை. ஸ்பீக்கர் ஒரு சிடியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். எப்போதும் உரிமையாக உள்ளே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொள்பவன், அன்று வாசலிலேயே நின்றான்.

"மச்சான், இது எனக்குச் சரிப்பட்டு வரல. உன் மிஷின்ல போட்டுப் பாரு."

"யாரோடதுடா?"

"ஒரு அம்மா குடுத்துட்டுப் போனாங்க."

அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்காமல், நனைந்துகொண்டே போய்விட்டான்.

சிடியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நேர்கோட்டில்தான் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறலும் வட்டமாக விழும். குறுக்கே விழுந்த கீறலை பிளேயர் தாண்டிவிடும். வட்டக் கீறல் பதிவோடு சேர்ந்தே போகும், படம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இந்த சிடியில் இருந்தது ஒரே ஒரு கீறல். காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி முழு வட்டம். கை தவறி விழுந்தது இல்லை, யாரோ அந்த ஒரு இடத்தை மட்டும் வேண்டுமென்றே அழித்திருந்தார்கள்.

விளக்குக்கு நேராகப் பிடித்தேன். அந்த வட்டத்தில் மேல்பூச்சே உரிந்து, வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. பூச்சு போனால் பதிவும் போச்சு. அந்த இடத்தில் எதுவும் இருக்கவே முடியாது. சரி, மிச்சமாவது ஓடட்டும் என்று அடிப்பக்கத்தைத் தேய்த்து முடித்தேன்.

மணி ஏழு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு பிளேயரில் போட்டேன்.

யாரோ வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள். பலூன்கள். பாட்டு நின்றதும் ஓடிப்போய் நாற்காலி பிடிக்கும் பிள்ளைகள். மூலையில் ஒரு பெண் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். யாரும் அவளைக் கண்டுகொள்ளவில்லை.

30:50. பாட்டு நின்றது. பிள்ளைகளைக் காணோம். நாற்காலிகள் மட்டும் இருந்தன.

31:07. கீறல் இருந்த இடம். இங்கே சிக்க வேண்டும்...

சிக்கவில்லை.

"அடுத்து யாரு?" என்றாள் அந்தப் பெண், திரும்பாமலே.

பதில் சொன்ன குரலை எனக்குத் தெரியும். ஆனால் அது இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"லைப்ரரிக்குப் பின்னாடி, மாடிப்படிக்குக் கீழ ஒரு கடை இருக்கு. ஏழு மணிக்கு ஷட்டர பாதி இறக்கிட்டுத் தனியாத்தான் இருப்பான். இடது காது கேக்காது. அந்தப் பக்கமாப் போ."

ஸ்பீக்கர்...

சின்ன வயதில் காய்ச்சலில் போன காது. வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாது. என் மனைவியை விட்டால் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பயம் வருவதற்கு முன்னால் எனக்கு அழுகை வந்தது. இவனா? இவனா என்னைக் காட்டிக்கொடுத்தான்?

திரையைப் பார்த்தேன். மூலை காலியாக இருந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன்.

சிடி சுற்றும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. ஸ்ஸ்ர்ர்... ஸ்ஸ்ர்ர்...

கழுத்தின் இடது பக்கம் சில்லென்றது.

பிறகு... இத்தனை வருஷமாக எதுவுமே கேட்காத அந்தக் காதில்...

"அடுத்து யாரு?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். மூச்சுகூட விடவில்லை. ஷட்டருக்கு அடியில் தவழ்ந்து வெளியே போய் மழையில் விழுந்தேன்.

விடிந்ததும் ஸ்பீக்கர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவனை ஓங்கி ஒன்று விட்டேன்.

"என் காதப் பத்தி அதுகிட்ட சொல்ல உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?"

அவன் கன்னத்தைக்கூடத் தொடவில்லை.

"சத்தியமா நான் வாயே திறக்கல மச்சான். என் குரல் அதுல எப்படி வந்துச்சுன்னே தெரியல. அத யாரும் கேட்டுடக் கூடாதுன்னு நான்தான் கீறினேன்."

"அப்புறம் எதுக்குடா என்கிட்டயே கொண்டுவந்து குடுத்த?"

தலையைக் குனிந்துகொண்டான். அதோடு அவன் முகத்தில் முழிப்பதை விட்டுவிட்டேன்.

கடைப் பக்கமும் போகவில்லை. நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த என் மனைவி, "கடைய பேய்க்கே எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்று கிண்டலடித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். பட்டப்பகலில்தான் போனாள்.

திரும்பி வந்தவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. கதவோரம் நின்றாள்.

"பிளக் தரையில கெடக்கு. ஆனா பிளேயர் ஓடிட்டு இருக்கு" என்றாள். "அதுல உங்க குரல் கேக்குது."

அதில் கேட்டதை அவளே சொன்னாள், பாடம் ஒப்பிப்பது போல.

"செவ்வாய்க்கிழம அவ மட்டும்தான் வீட்ல இருப்பா. பின்கதவுத் தாழ்ப்பாள் சரியா விழாது. தூக்க மாத்திர போட்டுட்டுத்தான் படுப்பா. பக்கத்துல போய் நின்னாலும் எழுந்திரிக்க மாட்டா."

மாத்திரை விஷயத்தை அவள் பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை. என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"சத்தியமா நான் வாயே திறக்கலம்மா" என்றேன்.

அவள் துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

"உங்க ஃப்ரெண்டும் இதையேதான சொன்னாரு" என்றாள். "நீங்க நம்புனீங்களா?"