அம்புக்குறியைத் திருப்பிய அபயாம்பாள்

அபயாம்பாளை எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் ரத்னா, மயிலாப்பூரில் ஒரு சின்னப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து தினமும் டிராம் ஏறி வந்து, ஒன்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். அபயாம்பாள் 1933-இல் அங்கே டீச்சராகச் சேர்ந்தாள். சேர்ந்த மாதமே பிள்ளைகளெல்லாம் அவள் பின்னால் ஓடினார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அவளுக்கு இருபத்தாறு வயது. புருஷன் டைபாய்டில் போய்விட்டான். அப்புறம் நாலு வருஷம் மைத்துனர் வீட்டில் அடுப்பூதிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் வேலை பார்க்கிறேன், நிரந்தரமாகவில்லை என்றால் திரும்பி வந்துவிடுகிறேன் என்று அவர்களிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். டிரெயினிங் படிக்காதவள். வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்ட்ரஸ் வந்து பாடம் கேட்டு எழுதுவதுதான் தீர்ப்பு.

"அந்த அடுப்புக்குத் திரும்பிப் போகமாட்டேன், ரத்னா. போனா அதோட நான் அவ்வளவுதான்" என்று ஒரு மத்தியானம் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அவள்மேல் கொஞ்சம் மனசு இளகிற்று.

இன்ஸ்பெக்ட்ரஸுக்காக அவள் எடுத்துக்கொண்ட பாடத்தைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. யாரோ ஓர் அமெரிக்க அம்மாள் ஊருக்குத் திரும்பும்போது பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போன படப் புத்தகம். லூயிஸ், கிளார்க் என்று இரண்டு பேர், ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அமெரிக்காவின் மிசௌரி ஆற்றில் படகேறி, மலை தாண்டி, மேற்குச் சமுத்திரம்வரை போய் வந்த கதை. நூற்று முப்பது வருஷத்துக்கு முந்திய சங்கதி. மயிலாப்பூர்ப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று கேட்டேன். அவள் பாட்டுக்கு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அவர்களோடு நடந்த சகாகவேயா என்ற அந்தத் தேசத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னபோது, தைத்துக்கொண்டிருந்த துணியை நானே கீழே வைத்துவிட்டேன். பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம்.

இன்ஸ்பெக்ட்ரஸ் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் கரும்பலகை முழுக்கப் படம் போட்டாள். அவர்கள் கிளம்பிய ஊர், ஆறு, மலை, சமுத்திரம். நீலச் சாக்கட்டியால் தண்ணீர் ஓடும் திசைக்கு அம்புக்குறி. ஊரிலிருந்து சமுத்திரத்தைப் பார்த்துப் போட்டாள்.

"ஆறுன்னா சமுத்திரத்துக்குத்தானே போகும்? அவா போனதும் சமுத்திரத்துக்கு. ஆறே அவாளை அழைச்சுண்டு போயிருக்கு" என்றாள்.

நானும் சரி என்றேன், தலைமை ஆசிரியையான பெரிய டீச்சரும் சரி என்றாள். கூவத்தையும் அடையாற்றையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறெப்படித் தோன்றும்? நடுவில் இருக்கும் மலைமேல் ஆறு எப்படி ஏறும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

பாடம் ஒத்திகை பார்த்தாகிவிட்டது. எந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளை எழுந்திருக்க வேண்டும் என்பதுவரை முடிவு. லூர்துமேரியை மட்டும் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவள் அப்பா மிக்கேல், பக்கிங்காம் கால்வாயில் விறகுப் படகு இழுப்பவர். அந்தப் பெண் எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கும். "அது வாயைத் திறக்காம பாத்துக்க, ரத்னா" என்று பெரிய டீச்சர் என்னிடம் சொல்லியிருந்தாள்.

மறுநாள் அபயாம்பாள் அருமையாகத்தான் சொன்னாள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். ஆறு அவர்களைச் சமுத்திரத்துக்கு அழைத்துப் போனது என்றபோதும் ஆட்டினாள். பிறகு அபயாம்பாள் புத்தகத்திலிருந்த படத்தைத் தூக்கிக் காட்டினாள். கரையில் பத்துப் பேர் தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு, முதுகு வளைந்து, படகை இழுக்கிறார்கள்.

லூர்துமேரி எழுந்து நின்றாள். நான் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினேன். அவள் உட்காரவில்லை.

"டீச்சர், தண்ணி அந்தப் பக்கம் போய்க்கினு கீதுன்னா கவுறு இன்னாத்துக்கு? தண்ணி எதிர்த்துக்கினு வந்தாத்தான் எங்க நைனா கவுறு கட்டி இஸ்க்கும். கூடவே போச்சுன்னா படகுல குந்திக்கினு பீடி புடிக்கும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரிய டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். உட்காரு, அப்புறம் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லேண்டி என்று அபயாம்பாளை மனசுக்குள் கெஞ்சினேன். இன்ஸ்பெக்ட்ரஸுக்கும்தான் தெரியவில்லையே, யார் கேட்கப்போகிறார்கள்?

அபயாம்பாள் படத்தைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். காது இரண்டும் சிவந்துபோயின. டஸ்டரை எடுத்து, ஊருக்கும் மலைக்கும் நடுவிலிருந்த அம்புக்குறி அத்தனையையும் அழித்தாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். லூர்துமேரி சொல்றதுதான் சரி. ஆறு மலையிலேர்ந்து ஊரைப் பாக்க ஓடறது. அவா அதுக்கு எதிர்த்தாப்பல போயிருக்கா. அதான் கயிறு. ஊருக்குத் திரும்பறச்சே அந்த ஆத்துல வேகமா வந்துட்டான்னு புஸ்தகத்துல இருக்கு. ஏன்னு இப்பத்தான் எனக்கே புரியறது. லூர்துமேரி, மேல வா, வந்து அம்பைப் போடு."

அந்தப் பெண் போய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டது.

பிள்ளைகள் போன பிறகு இன்ஸ்பெக்ட்ரஸ் கேட்டாள். "உங்க வேலை இந்தப் பாடத்தை வச்சுத்தான்னு தெரியுமில்லையா?"

"தெரியும்."

"அந்தப் பொண்ணை உட்காரச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். நாப்பது குழந்தைகளும் தப்பை எழுதிண்டு அவா அவா ஆத்துக்குப் போயிருக்கும்."

இன்ஸ்பெக்ட்ரஸ் நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாள். பெரிய டீச்சர்தான் எங்களுக்குப் படித்துக் காட்டினாள். பாடத்தில் ஒரு பிழை இருந்தது. ஆசிரியை அதை வகுப்பின் முன்னாலேயே திருத்தினார். இவரை நிரந்தரமாக்கலாம். மூன்றே வரி. அபயாம்பாள் பெஞ்சில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

மறுநாள் லூர்துமேரியின் கையில் என் நகக்குறி இரண்டும் கன்றிப்போயிருந்தன. எனக்கு வாய் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு மன்னிச்சுக்கோ என்ற ஒரு வார்த்தை வரவில்லை.

அபயாம்பாள் அந்தப் பாடத்தை வருஷா வருஷம் நடத்தினாள். வேண்டுமென்றே அம்புக்குறியை முதலில் தப்பாகத்தான் போடுவாள். கயிறு இழுக்கும் படத்தைக் காட்டிவிட்டு, எந்தப் பிள்ளையாவது எழுந்திருக்கும்வரை காத்திருப்பாள். 1938-இல் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. நான் கடைசி பெஞ்சில் தையல் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். அவள் சாக்கட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

நான் எழுந்து நின்றேன். "தண்ணி அந்தப் பக்கம் போச்சுன்னா கயிறு எதுக்கு, டீச்சர்?" என்றேன்.

நாற்பது தலையும் திரும்பின. அபயாம்பாள் சிரிக்கவில்லை. "மேல வா, ரத்னா" என்று சாக்கட்டியை நீட்டினாள். நான் போய் வாங்கிக்கொண்டேன்.