சொகந்தாங்க ஐயா

என் மேசை இழுப்பறையில் பழுப்பு நிற உறை ஒன்று இருக்கிறது. அதன் வாயை இரண்டு ஸ்டேப்ளர் கம்பிகள் மூடியிருக்கின்றன. துருவேறியும் அவை தளரவில்லை. உறையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், அதன்மேல் வைத்து எழுதப்பட்ட வேறொரு தாளின் எழுத்துகள் பள்ளமாகத் தெரியும். மருந்தின் பெயரை வாசிக்கலாம். எத்தனை வேளை என்பதையும் வாசிக்கலாம்.

அது அத்தையின் உறை. அப்பாவின் தங்கையான அவர் வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். சில வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு ஏறும் படிகளில் மூன்று இடத்தில் நிற்கத் தொடங்கினார். "மலை வளருதுடா தம்பி. போன மாசம் இம்புட்டு ஒசரம் இல்ல" என்று சிரிப்பார். சிரித்து முடிக்க மூச்சு போதாது. அரசாங்க ஆஸ்பத்திரியின் இளம் டொக்டர் இசிஜி எடுத்து, அதை மறுபடியும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு கடிதம் எழுதி, இரண்டையும் உறையிலிட்டு மூடினார். "பிந்தாதீங்கம்மா. ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட் கையில இதக் குடுங்க."

ஸ்பெஷலிஸ்ட் சனிக்கிழமைகளில் மட்டும் கண்டியிலிருந்து எங்கள் டவுனுக்கு வருவார். தனியார் கிளினிக்கில் காசு கட்டிச் சேனல் பண்ணினேன். முப்பத்தோராம் நம்பர் கிடைத்தது. போகும் வழியில், பஸ்ஸில், அத்தை எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். இடது கை மரத்துப்போவது, படுத்தால் மூச்சு அடைப்பது, கூடையைத் தூக்கும்போது கண் இருட்டுவது. ஒரு செய்திக்கு வேண்டிய அத்தனை விவரமும் அதில் இருந்தது.

அறை வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. உறையை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"எப்படி இருக்கீங்க?" ஸ்பெஷலிஸ்ட் நிமிராமல் கேட்டார்.

"சொகந்தாங்க ஐயா."

"நெஞ்சு வலி?"

"இல்லீங்க ஐயா."

"மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

அது பொய்யல்ல, பழக்கம். தினமும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் வரிசையாக நிற்கும்போது, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விதான். முடியவில்லை என்று சொன்னால் அன்றைக்கு வேலைப் பெயர் விழாது, கூலியும் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்து கேட்பவருக்கு அத்தையிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"டொக்டர், ஒரு லெட்டர்..." என்று நான் தொடங்கினேன். அவருடைய ஃபோன் அடித்தது. ஒரு கையால் என்னைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, மறு கையால் மருந்துச் சீட்டுப் புத்தகத்தை உறையின் மேலேயே வைத்து எழுதினார். "வயித்துல கேஸ் தொல்லை. ஒரு மாசம் கழிச்சு வாங்க." முப்பத்திரண்டாம் நம்பர் அதற்குள் கதவைத் திறந்துவிட்டார். ஆட்களிடம் கேள்வி கேட்பதே தொழிலான பத்திரிகைக்காரன் நான், உறையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"நல்ல மனுசன்டா. ஏசவே இல்ல" என்றார் அத்தை.

"ஏன் அத்த, பஸ்ஸுல சொன்னத அங்க சொல்லல?"

"அம்புட்டுப் பெரிய ஐயாகிட்ட முடியலன்னு எப்புடிடா சொல்றது?"

பன்னிரண்டாம் நாள், கொழுந்து நிறுக்கும் இடத்தில், தன் முறைக்குக் காத்து உட்கார்ந்தவர் எழவில்லை. ஆஸ்பத்திரியில் அதே இளம் டொக்டர்தான் இருந்தார். "லெட்டரப் படிச்சுட்டு அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டார். உறையை நீட்டினேன். கம்பிகளின் மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

இந்த வருடம் ஹட்டனில் என் வீட்டுக்கு ஏறும் படிகளில் நானும் ஓரிடத்தில் நிற்கத் தொடங்கியிருக்கிறேன். போன வாரம் ஒரு டொக்டரிடம் போனேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பெரட்டில் ஒருநாளும் நின்றவனல்ல. ஆனாலும் என் வாயிலிருந்து முதலில் வந்தது அத்தையின் பதில்தான். அவர் தலையசைத்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். அடுத்த முறை 'சொகந்தான்' என்று என் வாய் முந்துவதற்கு முன் இந்த உறையை அவர் மேசையில், அவர் கைக்கு நேராக வைக்க வேண்டும். அடுத்த தவணை ஒரு மாதம் கழித்து.