குழி நடுவிலா, பின்னாலா?

சார், உங்கள் பெயரை இங்கே போட மாட்டேன். ஆனால் ஐந்து மாதமாக என் பட்டறையில் மேல்தட்டு இல்லாமல் வாயைப் பிளந்து நிற்கிற அந்தப் பாய்ப்படகுக்கு நீங்கள்தான் பொறுப்பு. படகு கட்டும் தொழிலில் மரம் ஒருநாளும் மனசு மாறியதாக நான் கண்டதில்லை. ஆர்டர் கொடுத்தவர் வாரத்துக்கு ஒருமுறை மாறுகிறார்.

வீடு கட்டிக்கொடுப்பவர்கள், கல்யாணச் சமையல் பிடிப்பவர்கள், ஜாக்கெட் தைப்பவர்கள் என்று, "இப்படியே இருக்கட்டும்... இல்ல, வேண்டாம்" என்ற பேச்சைக் கேட்டு வயிறெரிந்த எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். விஷயம் இதுதான். பாய்ப்படகில் சுக்கான் பிடிப்பவர் உட்கார மேல்தட்டில் ஒரு பள்ளம் வேண்டும். காக்பிட் என்பார்கள், எங்கள் பட்டறையில் அது குழி. படகின் நடுவில் வைக்கலாம், பின்கோடியிலும் வைக்கலாம். சாரும் அவர் மனைவியும் கோயம்புத்தூர்க்காரர்கள். சார் சரக்குக் கப்பலில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தம்மா கணக்கு டீச்சர். இரண்டே பேராக மாலத்தீவு, அங்கிருந்து ஆப்பிரிக்கா என்று கிளம்பப் போகிறார்கள். குழி எங்கே என்று சொன்னால் ஐப்பசி மழைக்குள் மேல்தட்டை மூடிவிடுவேன். மூடாவிட்டால் தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் இறங்கி உள்சட்டமெல்லாம் கறுத்து, படகே பாழ். புரட்டாசி பிறந்து பத்து நாளாகிவிட்டது.

முந்திக்கொள்ளும் வாய்

நான் பிறந்தது புதுக்கோட்டையில், கடலுக்குச் சம்பந்தமே இல்லாத வீட்டில். பதினாலு வயதில் தூத்துக்குடித் துறைமுகத்து ஓரம் பழைய இரும்பு வாங்கி விற்க வந்தேன். அங்கே அடிபட்டுப் படித்த ஒரே பாடம், எதிராளி எதைச் சொன்னாலும் முதல் வார்த்தை "அது சரிப்படாது" என்று இருக்க வேண்டும் என்பது. பெண் பார்க்கப் போன வீட்டில் "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டதற்கும் அதைத்தான் சொன்னேன்.

சார் முதல் நாள் வந்து, "குழி பின்னாடி இருக்கட்டுங்க" என்றார். அவர் வாயை மூடுமுன் என் வாய் திறந்துகொண்டது. "சரிப்படாது சார். பின்னால வர்ற அலை ஏறி மடியில வந்து உக்காரும். நடுவுல வைங்க. உசரமா இருக்கும். பின்னால கட்டில் போட்டு ஒரு முழு ரூமே கிடைக்கும்." சார் யோசித்துக்கொண்டே ஊருக்குப் போனார். இரண்டு வாரம் கழித்து போன் செய்து, "நீங்க சொன்ன மாதிரி நடுவுலயே வெச்சுக்கலாங்க" என்றார். அந்த நேரம் பார்த்து நான் ஒரு மர வியாபாரியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். அதே சூட்டில், "நடுவுலயா? சரிப்படாது சார்! உசரத்துல உக்காந்தா ஆட்டம் ஜாஸ்தி. முன்னால தெறிக்கிற தண்ணி பூரா மூஞ்சியிலதான். பின்னால இருந்தா பாய் முழுக்கக் கண்ணு முன்னால தெரியும்லா?" என்று பொரிந்துவிட்டேன். அந்தப் பக்கம் டீச்சர் போனை வாங்கினார்.

"ஏனுங்கண்ணா, நீங்க எங்களுக்குப் படகு கட்டித் தர்றீங்களா, இல்ல எங்க பேச்சுக்கு பேரம் பேசறீங்களா?"

நான் போட்ட கோடு

மரப்படகு கட்டும் ஆசாரியை எங்கள் கரையில் ஓடாவி என்போம். என் பட்டறையின் தலைமை ஓடாவி சூசை. அவரிடம் ஒரு சட்டம் உண்டு. குழிக்காகக் குறுக்குக் கட்டைகளை அறுக்குமுன், படகில் போகப் போகிறவர் தன் கையால் சாக்பீஸ் பிடித்துக் கோடு போட வேண்டும். அறுத்த கட்டையை எப்படி ஒட்டினாலும் பழைய பலம் வராது. ஆகவே கடலுக்குப் போகிறவர் கைதான் அதைத் தீர்மானிக்க வேண்டும் என்பார். அதுவரை ரம்பத்தைத் தொட மாட்டார்.

ஆடி மாதம் ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "எங்கய்யா அந்தச் சாக்பீசு?" என்று பிடுங்கி, நடுவில் ஒரு சதுரம் போட்டேன். கோபத்தில் போட்டதால் அதற்கு அஞ்சு மூலை இருந்தது. சூசை தலைத்துண்டை அவிழ்த்து, தண்ணீரில் நனைத்து, நிதானமாக அழித்தார். நான் ஓடிப்போய்ப் பின்கோடியில் இன்னொன்று போட்டேன். அதையும் அழித்தார். வேலை பார்த்த அத்தனை பேரும் உளியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, இதுல ஏறிப் போறது நீரா? ஏறாத படகுக்குக் கோடு போட உமக்கு என்ன பாத்தியதை இருக்கு?"

ஒரு வயிறு, இரண்டு நாற்காலி

வாயால் சொல்லிப் பயனில்லை, உட்காரவைத்தே காட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஆவணியில் இருவரையும் வரவழைத்து, தெரிந்தவரிடம் ஒரு ஃபைபர் வள்ளம் இரவல் வாங்கி, பலகை அடித்து உயர்த்தி நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பின்கோடியில் ஒன்று என்று கயிற்றால் கட்டினேன். கச்சான் என்கிற மேல்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. இரண்டிலும் மாறி மாறி உட்கார்ந்து விளக்கம் சொல்வதாகத் திட்டம். இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாகப் படகு விற்கிற நான், அலை தடுக்கும் சுவரைத் தாண்டி அதற்கு முன் போனதே இல்லை.

நடு நாற்காலியில் உட்கார்ந்து, "இங்க இருந்தா நாலாபக்கமும் பாக்கலாம் சார், அது மட்டுமில்லாம..." என்று ஆரம்பித்தேன். அது மட்டுமில்லாமல் என்ன என்பது வாய் வழியாகவே வந்துவிட்டது. டீச்சர் எலுமிச்சம்பழம் நீட்டினார். ரோசம் விடவில்லை. தவழ்ந்து பின்னால் போய் உட்கார்ந்து, "தண்ணிக்குப் பக்கத்துல இருக்கறது ஒரு சொகந்தான்" என்றேன். மறுபடியும் அதே கதை. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"ரெண்டு எடத்துலயும் ஏழாவது நிமிசத்துலதானுங்க எடுத்தீங்க. இதை வெச்சு நாங்க எப்படிங்க முடிவு பண்றது?"

காயல்பட்டினத்துக் காக்கா

கடைசியில் ஒரு நடுவரைக் கூப்பிட்டேன். காயல்பட்டினத்துக்காரர், வளைகுடாவில் பல வருடம் பாய்ப்படகுகளைப் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஏணியில் ஏறி வந்தவர் அலையையும் கேட்கவில்லை, கட்டிலையும் கேட்கவில்லை. "காத்து கூடுனா பாயைச் சுருக்க முன்னால போறது யாரு?" என்றார். "நானுங்க" என்றார் சார். "அப்ப சுக்கான் டீச்சர் கையில. நீங்க தவறித் தண்ணியில விழுந்தா, தூக்குறதும் அவங்கதான். எங்க நின்னு தூக்குவாங்க?"

"நான் எங்கீங்க விழப்போறேன்" என்று சார் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. நடுவில் நின்று குனிந்து கையை நீட்டிப் பார்த்தார். பிறகு பின்கோடிக்குப் போய்க் குனிந்தார். அங்கே அவர் விரலுக்கும் நீர்மட்டத்துக்குப் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்கும் ஒரு முழம்தான் பாக்கி. அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். "அது சரிப்படாது காக்கா! இடுப்புல கயிறு கட்டிக்கிட்டா ஏன் விழுதாரு? நடுவுல இருந்தா பாய்க்கும் பக்கம்லா?" என்று குறுக்கே பாய்ந்தேன். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொல்ல, அரைமணி நேரம் போயிற்று. டீச்சர் அதற்குள் இறங்கிப் போய் ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டார். காக்காவும் இறங்கிச் செருப்பை மாட்டினார்.

"நான் கேட்டது அவங்க ரெண்டு பேர்கிட்ட. பதில் பூரா நீங்களே சொல்றதா இருந்தா, ஆப்பிரிக்காவுக்கும் நீங்களே போயிட்டு வந்துருங்க."

வெளியே சொல்லக்கூடாத இரண்டு போன்

அந்த வாரம் சார் போன் செய்தார். பின்னால் பஸ் இரைச்சல், வீட்டிலிருந்து பேசவில்லை. "நடுவுல வெச்சுருங்க. எனக்குப் பின்னாடிதான் புடிக்கும். ஆனா அவளுக்குத் தண்ணி கிட்டக்க இருந்தா பயமுங்க. வெளிய சொல்ல மாட்டா. உசரமா உக்காந்து, நல்ல கட்டில்ல தூங்குனாத்தான் பயமில்லாம கூட வருவா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

மறுநாள் டீச்சர். "பின்னாடியே வெச்சுருங்கண்ணா. எனக்குப் பயந்தான், பழகிக்கறேன். அவர் விழுந்தா அவ்வளவு உசரத்துல இருந்து என் கை எட்டாது. பாத்துட்டேன். இதை அவர்கிட்டச் சொல்லாதீங்க, போற ஆசையையே விட்டுருவாரு."

நாற்பது வருடத்தில் முதல்முறையாக "சரிப்படாது" என்று சொல்லாமல் இருவரிடமும் "சரிங்க" என்றேன். அப்போதுதான் உறைத்தது. முதல் நாளே நான் வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தால், இரண்டு பேரும் இதை ஒருவருக்கொருவர் என் முன்னாலேயே சொல்லியிருப்பார்கள். நான் கொடுத்த நியாயங்களுக்குப் பின்னால் தங்கள் பயத்தை மறைத்துக்கொண்டார்கள். சூசையிடம் போய்ச் சொன்னேன். ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வாயி ஒருநாளு அடங்காதான்னு இருந்தேன். பேச வேண்டிய எடத்துல அடங்கிட்டீரே வே!"

ஆகவே, சார்

பேசிவிட்டேன். இரண்டு ரகசியத்தையும் ஊரறியப் போட்டு உடைத்தாயிற்று. கோபமிருந்தால் நேரில் வந்து திட்டுங்கள். நான் பதிலுக்குத் திட்டாமல் இருப்பேனா என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆனால் வருமுன் டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவருக்கு எது பயம் என்று நேராகக் கேளுங்கள். நீங்கள் விழவே மாட்டேன் என்று சிரித்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். ஏணி வைத்தால் ஏற முடியுமா, கப்பி வைத்தால் அவரால் தூக்க முடியுமா, பின்னால் பக்கச்சுவரை ஒரு சாண் உயர்த்தினால் அவருக்குத் தைரியம் வருமா என்று இரண்டு பேரும் பேசுங்கள். வேண்டுமானால் சண்டை போடுங்கள். நடுவோ பின்னாலோ, மழைக்கு முன் சேர்ந்து வந்து ஒரே இடத்தைக் காட்டுங்கள். அடுத்தவர் முடிவைக் கலைத்தே பிழைப்பு நடத்திய இந்தத் தூத்துக்குடி வியாபாரி, ஒரு புருசன் பெண்டாட்டி ஐந்து நிமிடம் மனசுவிட்டுப் பேசுவதற்காக ஒரு முழுப் படகைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்துக் காத்திருக்கிறான்.