ஐஸ் பெட்டி வண்டிக்குச் சார்ஜ்

எங்கள் மின்சாரச் சரக்கு வண்டியில் பெரும்பாலும் ஏறுவது ஐஸ் பெட்டிதான். உறவினர் வந்து சேரும்வரை இறந்தவரைக் கிடத்திவைக்கும் கண்ணாடி மூடிய குளிர்ப்பெட்டி. அப்பா அதை வாடகைக்கு விடுகிறார். மின்னியலில் டிப்ளமோ முடித்த நான் வண்டி ஓட்டுகிறேன்.

புறப்படும்முன் கைப்பேசியில் வைத்திருக்கும் பட்டியலைச் சரிபார்ப்பேன்: சார்ஜ் எத்தனை விழுக்காடு, போகவர எத்தனை கிலோமீட்டர், சார்ஜர் வயர், பெட்டியின் ஸ்டெபிலைசர், கயிறு. பட்டியலில் எழுதாத ஒன்று உண்டு. வழியில் சார்ஜ் குறைந்தால் இந்த வண்டிக்கு யாரும் ப்ளக் தரமாட்டார்கள். விக்கிரவாண்டியில் ஓர் ஓட்டல்காரர், "தப்பா நெனச்சிக்காதம்மா. அந்தப் பொட்டிய வச்சிக்கினு இங்க நின்னா எவன் சாப்புட வருவான்?" என்று கைகூப்பி அனுப்பிவைத்தார்.

சென்ற கோடையில் ஒருநாள், திண்டிவனத்தில் ஒரு வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பனமலைப் பக்கம் போக வேண்டியிருந்தது. விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சார்ஜ் போட நேரமில்லை. அங்கே இறந்தவர் கரும்பு வெட்டும் கூலியாள். அவருடைய இளைய மகள் டெல்லியில் நர்ஸ். மாலைக்குள் வந்துவிடுவாள் என்றார்கள்.

"எம் பொண்ணு வந்து மொகத்த பாக்குற வரிக்கும் நல்லா வச்சி குடுத்துடு சாமி," என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெட்டியை ஓடவிட்டபோது வண்டியில் பதினொரு விழுக்காடு. வீடு திரும்ப அது போதாது. கூட வந்திருந்த அப்பா பக்கத்து வீட்டில் கேட்டார். "சாவு வண்டிக்கு எங்க ஊட்டு கரண்டா? வாணாங்க," என்று கதவைச் சாத்திக்கொண்டாள் ஒரு பெண். கடைசியில் சாவு வீட்டிலேயே கேட்டேன். இறந்தவரின் மகன் யோசிக்காமல், பின்பக்கம் தண்ணீர் மோட்டாருக்கு வைத்திருந்த ப்ளக்கைக் காட்டினார். வயரின் தடிமனைப் பார்த்தேன். தாங்கும் என்று கணக்குப் போட்டேன். பகலில் மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றியுள்ள கிணறுகளில் எல்லா மோட்டாரும் ஓடும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் பெட்டி நின்றுவிட்டது. ஒப்பாரிச் சத்தத்தில் அதன் இரைச்சல் நின்றது யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடியின் உள்பக்கம் நீர் கோத்த பிறகுதான் மகன் ஓடிவந்தார்.

"இன்னாமா, பொட்டி ஓடல?"

ஸ்டெபிலைசரில் சிவப்பு விளக்கு. வோல்டேஜ் குறைந்து அது பெட்டியை நிறுத்தியிருந்தது.

"மொதல்ல வண்டி வயர புடுங்கு," என்றார் அப்பா.

பிடுங்கினேன். ஆனாலும் கம்ப்ரசரை உடனே ஓட்டக்கூடாது. சில நிமிடம் ஆறவிட வேண்டும். அந்த நிமிடங்களில் இறந்தவரின் மனைவியிடம் போய், "எந் தப்புதாங்க. வண்டிக்கு சார்ஜ் போட்டதால பொட்டி நின்னுடுச்சி," என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பெட்டி மறுபடி ஓடியது. உள்ளே இருக்கும் குளிர் போய்விடுமென்று மூடியைத் திறந்து நீரைத் துடைக்கவில்லை.

வண்டி அங்கேயே நின்றது. நான் ஸ்டெபிலைசர் பக்கத்தில் உட்கார்ந்து வோல்டேஜ் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலரை மணிக்கு மகள் வந்தாள். மூடியைத் திறந்தோம். அவர் நெற்றியிலும் மீசையிலும் நீர்த்துளிகள் இருந்தன.

"வேல உட்டு இப்பதான் வந்தா மாதிரி வேத்துக்கினு படுத்துக்கினு கீறியேப்பா," என்று அவள் முகத்தருகே குனிந்தாள்.

அது பெட்டி நின்றதால் சொட்டிய நீர் என்று சொல்லிவிட வாயெடுத்தேன். அவளுடைய தாய் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார்.

"ஆமா கண்ணு," என்றார் மகளிடம். "தொடச்சி உடு."