இரண்டாவது பதில்

முதல் பதில் திரையில் வந்து நிற்கிறது. பெர்னதெத் அதைப் படிப்பதில்லை. கழுத்துக் கயிற்றில் தொங்கும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, அதே கேள்வியை மறுபடி அனுப்புகிறார். இரண்டாவதும் வந்த பிறகுதான் இரண்டையும் வரிவரியாக ஒப்பிடுவார். "மொத பதில் மரியாதைக்கு, விஜி. ரெண்டாவதுதான் நெஜம்" என்பார் என்னிடம்.

பெங்களூரு பொம்மனஹள்ளியில், ஓசூர் சாலையைப் பார்த்த நான்காம் மாடியில் எங்கள் அலுவலகம். ஒரு தொழிற்சாலையில் வருகையைப் பதியும் மென்பொருள் ஒரு கம்பெனி செய்தது. சம்பளம் போடுவது இன்னொரு கம்பெனி செய்தது. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. நடுவில் நின்று கேள்வியை வாங்கிக்கொண்டுபோய்ப் பதிலைக் கொண்டுவரும் சர்வீஸ்களை எழுதுவது எங்கள் பிழைப்பு. அவை ஒழுங்காகப் பதில் சொல்கின்றனவா என்று கேட்டுக் கேட்டுப் பார்ப்பது பெர்னதெத்தின் வேலை. பதினேழு வருடமாக அதே ஜன்னலோர இடம். காலண்டர் தாளால் அட்டை போட்ட நீள நோட்டு. அதில் ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். பதில் சரியாக வந்தால் பச்சை மையில் ஒவ்வொன்றிலும் ஒரு டிக்.

பழக்கம் அலுவலகத்தோடு நிற்பதில்லை. சாயங்காலம் ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில், "பிரேசர் டவுன் பர்த்தீரா?" என்பார். அவர் தலையாட்டிய பிறகு தமிழில், "பிரேசர் டவுன் வருவீங்கதானே?" ஒருவர் சலித்துப்போய்ச் சொன்னார்: "எந்த பாஷையில கேட்டாலும் மீட்டர் கெட்டுதான்மா போயிருக்கு."

முன்பெல்லாம் அவரும் ஒரு முறைதான் கேட்டார். ஒரு தொழிற்சாலைக்கு விடுப்பு எழுதும் சர்வீஸ் செய்தோம். அந்த சர்வீஸை எழுதியவன் எங்களோடு வேலை பார்த்த ரகுராம். பெர்னதெத் ஒரு முறை கேட்டு, பதில் வந்ததும் 'பாஸ்' போட்டார். அங்கே நெட்வொர்க் மந்தம். பதில் வரத் தாமதமானதால் தொழிலாளிகள் பட்டனை மறுபடி அழுத்தினார்கள். ஒரு நாள் விடுப்பு இரண்டு நாளாக விழுந்தது. தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு நாள் போய்வந்தவருக்கு, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக லீவு மிச்சமில்லை. பெர்னதெத் நேரில் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். ரகுராமும் கூடப் போனான். திரும்பி வந்து எங்களோடு காபி குடிக்கும்போது சொன்னான்: "எழுதினது நான், திட்டு வாங்கினது நீங்க. இனிமே எதுன்னாலும் பிரிச்சுக்கலாம்க்கா."

காபியையும் அப்படித்தான் பிரித்துக்கொள்வோம். கீழே நின்றபடி சாப்பிடும் தர்ஷினி ஓட்டலில் ஊரெல்லாம் ஒரு காபியை இரண்டாக்கி ஒன் பை டூ கேட்கும்போது, நாங்கள் மட்டும் இரண்டை மூன்றாக்கி டூ பை த்ரீ. கவுண்டர்காரர் முறைப்பார். மூன்றாவது டம்ளரில் எப்போதும் ஒரு மடக்கு குறையும், அது ரகுராமுக்கு.

மன்னிப்புக் கேட்டுவந்த அடுத்த வாரமே ரகுராம், சர்வீஸைச் சோதிக்க நாங்கள் வைக்கும் பொய் ஊழியர் பட்டியலில் தன்னையே முதல் ஆளாகப் பதிந்துகொண்டான். எண் ஆயிரத்தொன்று, ஈஜிபுரா முகவரி. "எது ஒடஞ்சாலும் மொதல்ல எனக்கு ஒடையட்டும்க்கா." பெர்னதெத் பதிவைப் படித்துப் பார்த்தார்.

"அதெல்லாம் சரி. உன்ன ஜெனரல் மேனேஜர் ஆக்கினது யாருப்பா?"

"நான்தான். நெஜத்துல ஆக மாட்டேன். டெஸ்டிங்லயாவது ஆயிக்கறேன்."

மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரகுராமுக்கு நெஞ்சு வலித்தது. நாற்பத்தொரு வயது. திங்கட்கிழமை அடக்கம். செவ்வாய்க்கிழமை காலை பெர்னதெத் வழக்கம்போல் வந்து உட்கார்ந்து, வழக்கம்போல் ஆயிரத்தொன்றைக் கேட்டார். ரகுராம், ஜெனரல் மேனேஜர், பணியில் உள்ளார். மறுபடி கேட்டார். பணியில் உள்ளார். நான் பார்ப்பதைப் பார்த்து, "சர்வீஸ் உயிரோட இருக்கான்னு பாத்தேன், அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் முதல் கேள்வி அதுதான். கீழே நாங்கள் இருவரும் ஒன் பை டூவுக்கு மாறிவிட்டோம்.

போன வாரம் பழைய சர்வீஸை நிறுத்தினார்கள். புதியதில் சோதனைப் பதிவு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது உத்தரவு. எங்கள் டீம் லீடர் கிஷோர் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது, ஆனாலும் ரகுராமைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தான்.

"மேடம், எல்லாம் போயாச்சு. அந்த ஆயிரத்தொண்ணு மட்டும் நிக்குது. நானே டெலிட் பண்ணிடட்டுமா?"

"வேணாம்பா. என் டெஸ்ட் டேட்டா. நான்தான் தொடைக்கணும். ஸ்வல்ப இரு."

துடைத்தால் மட்டும் போதாது. போய்விட்டதா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு சோதனை. நோட்டில் எண் போட்டார். 'எதிர்பார்க்கும் பதில்: இப்படி ஓர் ஊழியர் இல்லை' என்று எழுதினார். எதிரே ஸ்கேல் வைத்து இரண்டு கட்டங்கள் வரைந்தார். பதிவை அழித்தார். கேள்வியை அனுப்பினார்.

இப்படி ஓர் ஊழியர் இல்லை.

எதிர்பார்த்த பதில்தான். ஓர் எழுத்துகூட மாறவில்லை. முதல் கட்டத்தில் பச்சை டிக் போட்டார். விரல் மறுபடி அந்தப் பட்டனுக்கு மேலே போய் நின்றது.

"இன்னொரு தடவை, மேடம்?" என்றான் கிஷோர்.

பெர்னதெத் கையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். இரண்டாவது கட்டம் வெறுமையாக இருக்க, பேனாவை மூடினார்.