அச்சுக்குப் போன ஞானஸ்நானப் புத்தகம்

எங்கள் கோயில் சரித்திரத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்து ஊர் எங்களுடையது. மலைக்கல்லால் கட்டிய மாதா கோயில். உத்திரங்களை இழுத்து வந்து இறக்கியவர்கள் நெல்லிவாசல் பக்கத்து மலைக்காரர்கள். அவர்களில் ஒருவரும் எங்களைப் போல வேதக்காரர் இல்லை. இதையெல்லாம் புத்தகமாகப் போடவேண்டும் என்று பங்குச் சாமியாருக்கு ஆசை வந்தது. வரட்டும். என் கல்யாண சமயத்தில்தானா வரவேண்டும்?

அது யுத்த காலம். எனக்கு நிச்சயித்திருந்தவர் பட்டாளத்தில் லாரி ஓட்டினார். ஒரு மாத லீவில் வந்திருந்தார். எங்கள் முறைப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண ஓலை வாசிக்கவேண்டும். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். அதற்கு முன்னால் பெண் ஞானஸ்நானம் பெற்றவள்தானா என்று சாமியார் ஞானஸ்நானப் பதிவுப் புத்தகத்தில் பார்ப்பார். அப்பா போய்க் கேட்டபோது பீரோவில் புத்தகம் இல்லை. சரித்திரத்தை அச்சுக்கு அனுப்பும்போது பழைய காகிதங்களையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறார் சாமியார். சாமியாருக்குக் கையாளாக இருந்த உபதேசியார் ஞானஸ்நானப் புத்தகத்தையும் அதே மூட்டையில் வைத்துக் கட்டி மதராஸுக்கு அனுப்பிவிட்டார். மகா கெட்டிக்காரர்!

கடிதம் போட்டார்கள். காகிதத் தட்டுப்பாடு, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புகிறோம் என்று அச்சுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. முதல் ஞாயிறு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. என் ஞானத்தாயான அத்தைக்குப் பொறுக்கவில்லை. பூசை முடிந்த கையோடு என்னையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு சாமியாரிடம் போனாள்.

“இன்னா சாமி இது? முன்ன இருந்த சாமி இவ தலையில தண்ணி ஊத்தும்போது கையில ஏந்திக்கினு நின்னவ நான். நான் பொய் சொல்லுவனா?”

“நீங்க சொல்றது நிஜமாத்தான் இருக்கும். எழுத்துல பாக்காம நான் ஓலை படிக்க மாட்டேங்க,” என்றார் சாமியார்.

எழுத்தை மூட்டை கட்டி அனுப்பியவர்கள் அவர்கள். எழுத்தைக் காட்டு என்று என்னிடம் கேட்டால் நான் எங்கே போவேன்? கேட்டுவிட நாக்கு துடித்தது. அப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார். அதற்காக அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

லீவு முடிந்தது. பஸ் ஏறும் முன் எனக்கு நிச்சயித்தவர் வீட்டுக்கு வந்தார். “போய்ட்டு அடுத்த லீவுல வர்றேன். அதுக்குள்ள புத்தகம் வந்துடும்,” என்றார். அந்தச் சாதுத்தனத்தின் மேலும் எனக்கு ஆத்திரம்தான். ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்கக் கூடாதா மனுஷர்?

சரித்திரம் அச்சாகி வர ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. எந்தெந்தச் சாமியார் வந்தார், மணி எந்தக் கப்பலில் வந்தது, பிஷப் மேற்றிராணியார் எப்போது வந்து கோயிலை மந்திரித்துத் திறந்துவைத்தார் எல்லாம் இருந்தது. உத்திரம் இழுத்தவர்களுக்கு ஒரு வரி கிடையாது.

சாமியார் எனக்கு ஆள் அனுப்பினார். நான் தனியாகத்தான் போனேன். ஞானஸ்நானப் புத்தகத்தை மேசைமேல் விரித்து, என் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாரும்மா, பத்திரமா இருக்குது. மாப்பிள்ளைக்கு எழுதிப் போடச் சொல்லு. லீவுல வந்ததும் ஓலை படிச்சிடலாம்.”

பர்மா எல்லையில் அவர் செத்துப்போனார் என்று அவர் வீட்டுக்குத் தந்தி வந்து மூன்று வாரமாகியிருந்தது. அவர்கள் வேறு பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள். எங்கள் சாமியாருக்குச் சேதி எட்டவில்லை. நானோ விதவைகூட இல்லை, என்னிடம் வந்து துக்கம் கேட்பதற்கு.

“ஓலை வேணாங்க சாமி. அவருக்கு மரித்தவங்க பூசை வைங்க,” என்றேன். “அதுக்கு என் பேரைத் தேட வேணாமில்ல?”